கல்கத்தாவில் மூன்று நாள், தாத்தாவின் கணக்கு நோட்டு

இது பயணக் கட்டுரையா, வரலாற்றுக் குறிப்பான்னு எனக்கே சரியா சொல்லத் தெரியலை. டிசம்பர் கடைசி வாரம் நானும் என் மனைவியும் மூணு நாள் கொல்கத்தா போனோம். பையன் கல்லூரி விடுதிக்குப் போனபிறகு நாங்க ரெண்டு பேர் மட்டும் போன முதல் பயணம். "சும்மா ஊர் சுத்தணும், நல்லா சாப்பிடணும், உங்க ஆராய்ச்சியெல்லாம் கிடையாது"ங்கிறது மனைவியின் நிபந்தனை. சரின்னு தலையாட்டிட்டு, லேப்டாப்பில் ஒரே ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டை மட்டும் எடுத்துக்கிட்டுப் போனேன்.

அந்த ஸ்ப்ரெட்ஷீட்டில் இருந்தது என் தாத்தாவின் கணக்கு நோட்டு. கடைசியில் அதுக்கு விடை கண்டுபிடிச்சது நான் இல்லை, நிபந்தனை போட்டவர்தான்.

வீட்டில் சொல்லும் கதை

அப்பாவின் அப்பா கும்பகோணத்துக்காரர். டைப்ரைட்டிங், ஷார்ட்ஹேண்ட் ரெண்டிலும் ஹையர் பாஸ் பண்ணிட்டு 1930களின் கடைசியில் கல்கத்தாவுக்கு ரயில் ஏறியவர். அந்தக் காலத்தில் தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்துப் பையன்களுக்கு இது பழக்கமான வழி. பம்பாய், கல்கத்தா வெள்ளைக்காரக் கம்பெனிகளில் ஸ்டெனோன்னா மதராஸிதான்னு ஒரு பேரே இருந்தது. தாத்தா வேலை பார்த்தது கிளைவ் தெருவில் ஒரு பிரிட்டிஷ் கம்பெனியில். சணல், தேயிலை, நிலக்கரி எல்லாத்தையும் ஒரே கூரையின் கீழே நிர்வாகம் பண்ணும் அந்தக் காலத்து மேனேஜிங் ஏஜென்சி.

அப்புறம் ஒரு நாள் அந்த வேலையை விட்டுட்டு ஊருக்கு வந்துட்டார். கும்பகோணத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வச்சு மிச்ச வாழ்க்கையை ஓட்டினார். ஏன் வந்தார்? வீட்டில் எல்லாருக்கும் தெரிஞ்ச பதில் ஒண்ணுதான்: "ஜப்பான்காரன் குண்டு போட்டான், தாத்தா பயந்து ஓடி வந்துட்டார்." தீபாவளிக்கு யாராவது அணுகுண்டு வெடிச்சா, "தாத்தாவைக் கூப்பிடாதீங்கடா, மறுபடி கல்கத்தாவிலிருந்து ஓடி வந்துடப் போறார்"னு கிண்டல் பண்ணுவோம். அவரும் சிரிச்சுக்குவார். ஒரு தடவைகூட மறுத்ததில்லை.

இன்னொரு கதையும் உண்டு. 70களில் என் அத்தை முதல் சம்பளத்தில் பிரஷர் குக்கர் வாங்கிக்கிட்டு வந்தாங்களாம். தாத்தா அதை அடுப்பில் ஏத்தவே விடலை. "குக்கர்ல வச்சா கஞ்சி வடியாதே. வாசல்ல யாராவது வந்து கேட்டா என்ன குடுப்பே?"ன்னு கேட்டாராம். வீடே சிரிச்சிருக்கு. யார் சார் இந்தக் காலத்துல வாசல்ல வந்து வடிகஞ்சி கேக்கறாங்க? பழைய காலத்து ஆள், காசைப் பார்க்கிறார்னு முடிவு பண்ணிட்டாங்க. குக்கர் ரெண்டு வருஷம் பரணில் கிடந்தது.

அதே பரணில்தான், தாத்தா காலமாகிப் பல வருஷம் கழிச்சு, தகரப் பெட்டியில் அந்த நோட்டு கிடைச்சது. 1942 அக்டோபரில் ஆரம்பிச்சு 1943 அக்டோபரில் முடியும் தினசரி செலவுக் கணக்கு. பென்சில் எழுத்து. அத்தை என்கிட்ட குடுத்து, "உனக்குத்தான் இந்த மாதிரி பழைய குப்பையெல்லாம் பிடிக்குமே"ன்னாங்க. ஒவ்வொரு வரியையும் ஸ்ப்ரெட்ஷீட்டில் ஏத்தினேன். தேதி, விவரம், அணா, பைசா. தொழில் புத்தி.

முதல் நாள்: பார்க் ஸ்ட்ரீட்டும் ஒரு சைரனும்

கொல்கத்தா குளிர் நம்ம ஊர்க்காரங்களுக்கு அளவான குளிர். காலையில் 13, 14 டிகிரி. ஆனா உள்ளூர்க்காரங்க அதுக்கே குரங்குக் குல்லா, மஃப்ளர், ஸ்வெட்டர்னு முழு ராணுவ உடையில் நடமாடுறாங்க. மனைவி சால்வையை மடிச்சுக் கைப்பையில் வச்சுட்டு, "நம்ம கொடைக்கானல்காரங்க இதைப் பார்த்தா சிரிப்பாங்க"ன்னார்.

கிறிஸ்துமஸ் முடிஞ்சும் பார்க் ஸ்ட்ரீட்டில் விளக்கு அலங்காரம் இன்னும் இருந்தது. 1927ல் தொடங்கின ஃப்ளூரிஸில் காலைச் சாப்பாட்டுக்கு வரிசை நின்னோம். மத்தியானம் நியூ மார்க்கெட். 1874ல் திறந்த சந்தை அது. உள்ளே 1902ல் தொடங்கின நஹூம் பேக்கரி. பாக்தாத் பக்கமிருந்து வந்த யூதக் குடும்பத்தின் கடை. இப்போ அந்தச் சமூகத்தில் ஊரில் மிஞ்சியிருப்பவங்க விரல் விட்டு எண்ணுற அளவுதான், ஆனா கிறிஸ்துமஸுக்கு அவங்க கடை பிளம் கேக் இல்லாம ஊருக்குப் பண்டிகை கிடையாது.

சாயங்காலம் அந்த விளக்கு வெளிச்சத்தில் நடக்கும்போது மனைவிகிட்ட சொன்னேன், 1942ல் இதே வாரத்தில் இந்தத் தெரு முழு இருட்டு. ஜப்பான் அந்த வருஷம் மார்ச்சில் ரங்கூனைப் பிடிச்சாச்சு. ஏப்ரலில் கொழும்பு, விசாகப்பட்டினம், காக்கிநாடாவில் குண்டு போட்டாச்சு. அந்தப் பயத்தில் சென்னையே பாதி காலியானதை நம்ம பாட்டிங்க சொல்லிக் கேட்டிருப்பீங்க. கல்கத்தாவுக்கு முறை வந்தது டிசம்பர் 20, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. அந்த வாரம் பல இரவுகள் தொடர்ந்து விமானங்கள் வந்தன. சாவு எண்ணிக்கை பெரிசா இல்லைன்னாலும் ஊர் கிலியில் காலியாச்சு. லட்சக்கணக்கான பேர் ஹவுரா, சியால்தா ஸ்டேஷன்களுக்கு ஓடினாங்க. விக்டோரியா மெமோரியலின் வெள்ளைப் பளிங்கு நிலா வெளிச்சத்தில் மேலிருந்து தெரியும்னு அதை மறைச்சு வச்சாங்க. மைதானத்தை ஒட்டி இருக்கிற ரெட் ரோடு விமானம் இறங்குற ஓடுபாதை ஆச்சு.

தாத்தா நோட்டில் அந்த வாரம் இப்படி இருக்கு: "டிச. 21, மெழுகுவத்தி. டிச. 23, கறுப்புத் துணி 2 கஜம்" (ஜன்னலுக்கு). "டிச. 26, ஹவுரா, மெட்ராஸ் டிக்கெட் 1." ஒரு டிக்கெட்தான். பாட்டியை ஊருக்கு அனுப்பியிருக்கார். அவர் போகலை. டிசம்பர் 28ல் அடுத்த வரி: "அரிசிக் கடை பூட்டு."

குண்டுக்குப் பயந்து ஓடினவர்னு நாங்க கிண்டல் பண்ணின மனுஷன், குண்டு விழுந்த வாரத்தில் ஊரை விட்டு நகரலை. ஜனவரி நடுவில் பிரிட்டிஷ் இரவுப் போர் விமானங்கள் வந்து சில ஜப்பானிய விமானங்களைச் சுட்டு வீழ்த்தினபிறகு வானம் கிட்டத்தட்ட அமைதியாயிடுச்சு. கிதிர்பூர் துறைமுகத்தில் பட்டப்பகலில் பெரிய தாக்குதல் நடந்து நூத்துக்கணக்கானவங்க செத்தது 1943 டிசம்பர் 5ல். தாத்தா ஊரை விட்டது அதுக்கு ஒன்றரை மாசம் முன்னாடி, அக்டோபர் 19ல். முதல் குண்டுக்கும் சேரலை, கடைசிக் குண்டுக்கும் சேரலை. வீட்டுக் கதையில் தேதி இடிக்குது. பல வருஷமா எனக்கிருந்த கேள்வி இதுதான்.

இரண்டாம் நாள்: கிளைவ் தெரு

டல்ஹவுசி சதுக்கத்துக்கு இப்போ பினாய்-பாதல்-தினேஷ் பாக்னு பேர். 1930 டிசம்பர் 8ல் ரைட்டர்ஸ் பில்டிங்குக்குள் புகுந்து சிறைத்துறைத் தலைவர் சிம்ப்சனைச் சுட்ட மூணு இளைஞர்களின் பேர் அது. அங்கிருந்து வடக்கே போற கிளைவ் தெருவுக்கு இப்போ நேதாஜி சுபாஷ் ரோடுன்னு பேர். பழைய கம்பெனிக் கட்டடங்கள் நிறைய அப்படியே நிக்குது. தூண்கள், இரும்புக் கிராதி, சுவரைப் பிளந்து வளர்ந்த அரசமரம். கீழே நடைபாதை முழுக்கச் சாப்பாட்டுக் கடை. பச்சைப் பட்டாணி அரைச்சு உள்ளே வச்ச கச்சோரி குளிர்காலத்தில் மட்டும்தான் நல்லா இருக்கும்னு சொன்னாங்க. ஆளுக்கு நாலு சாப்பிட்டுட்டு, மதியச் சாப்பாடு வேண்டாம்னு முடிவு பண்ணிட்டோம்.

அந்த நடைபாதையில் நின்னுக்கிட்டே நோட்டின் இன்னொரு வரியைப் பத்திச் சொன்னேன். 1943 தொடக்கத்திலிருந்து மாசம் தவறாம வர்ற வரி: "ஆபீஸ் அரிசி." அதுக்கு அவர் குடுத்த பணம் ஏறவே இல்லை. இது எவ்வளவு பெரிய விஷயம்னு புரியணும்னா அன்னிக்கு வெளியே என்ன விலைன்னு பார்க்கணும். 1942 டிசம்பர் 11ல் கல்கத்தாவில் ஒரு மணு (சுமார் 37 கிலோ) அரிசி 13, 14 ரூபாய். மார்ச்சில் 21 ரூபாய். மே மாசம் 30ஐத் தாண்டிடுச்சு. ஆகஸ்ட் 20ல் 37 ரூபாய். எட்டு மாசத்தில் கிட்டத்தட்ட மூணு மடங்கு. கிராமத்து விவசாயக் கூலிக்குக் கூலி அப்படி ஏறலை. மீனவருக்கு, படகோட்டிக்கு, நாவிதருக்கு வருமானமே போயிடுச்சு. இதுதான் 1943 வங்காளப் பஞ்சம்.

காரணங்கள் ஒண்ணு மேல ஒண்ணா விழுந்தன. பர்மா அரிசி நின்னுபோச்சு. ஜப்பான் கடல் வழியா வந்துட்டா அவன் கையில் கிடைக்கக் கூடாதுன்னு 1942ல் கடலோர மாவட்டங்களில் உபரி அரிசியை அரசாங்கமே எடுத்துக்கிச்சு. பத்துப் பேருக்கு மேல ஏறக்கூடிய படகுகளைப் பறிமுதல் பண்ணிச்சு. ஆறும் கால்வாயும்தான் சாலைங்கிற ஊரில் படகு போனா வியாபாரமும் மீன்பிடியும் சேர்ந்து போச்சுன்னு அர்த்தம். 1942 அக்டோபர் 16ல் மேதினிபூர் கடற்கரையைப் புயலும் கடல் அலையும் சேர்ந்து தாக்கினதில் பதினாலாயிரம் பேருக்கு மேல செத்தாங்க. போருக்காக அரசாங்கம் நோட்டு அடிச்சுக் கொட்ட, விலைவாசி எகிறிச்சு. டிசம்பர் குண்டுவீச்சில் கல்கத்தா தானியக் கடைகள் மூடினதும், 27ம் தேதி அரசாங்கம் வியாபாரிகளின் இருப்பைக் கைப்பத்தினது. "அரிசிக் கடை பூட்டு"ன்னு தாத்தா எழுதினதுக்கு முந்தின நாள்.

கல்கத்தாவைப் பட்டினி போட்டா போர் நின்னுபோகும். அதனால ஊரை முதலில் காப்பாத்தினாங்க. வங்காள வணிகர் சங்கம் 1942 ஆகஸ்டிலேயே ஓர் உணவுத் திட்டம் கொண்டு வந்தது. போருக்கு அவசியமான தொழில்கள், கம்பெனிகள், அரசு அலுவலகங்கள், ரயில்வே, துறைமுகம்னு "முன்னுரிமை" ஆட்களுக்கு அவங்க வேலை பார்க்கிற இடம் மூலமாவே குறைஞ்ச விலையில் அரிசி. அதுக்குத் தேவையான அரிசியை என்ன விலையானாலும் குடுத்துக் கிராமங்களிலிருந்து உறிஞ்சினாங்க. அந்த வாங்கல் கிராமத்து விலையை இன்னும் ஏத்திச்சு. அமர்த்தியா சென் 1981ல் எழுதின பஞ்சங்கள் பத்தின புத்தகத்தில் பிரிச்சுக் காட்டுறது இதைத்தான். மொத்த அரிசி எவ்வளவுங்கிறதை விட, அதை வாங்குற சக்தி யாருக்கு இருந்தது, யாருக்கு இல்லாமப் போச்சுங்கிறதுதான் கேள்வி. பஞ்சம் நடந்தப்போ சாந்திநிகேதனில் இருந்த ஒன்பது வயசுப் பையன் அவர். பஞ்ச விசாரணைக் கமிஷன் 1945ல் சொன்ன சாவுக் கணக்கு 15 லட்சம். சென்னின் கணக்கு 30 லட்சத்துக்குப் பக்கம்.

கிளைவ் தெரு ஸ்டெனோ அந்த முன்னுரிமைப் பட்டியலில் இருந்தார். என் தாத்தா சாப்பிட்ட "ஆபீஸ் அரிசி" அந்தத் திட்டத்து அரிசி.

மனைவி கச்சோரித் தட்டைக் கீழே வச்சுட்டு, "அப்ப மத்தவங்களுக்குப் போயிருக்க வேண்டிய அரிசியா?"ன்னார். அப்படி நேரா கோடு போட்டுச் சொல்ல முடியாது. ஆனா இல்லைன்னும் சொல்ல முடியலை.

காபியும் வாசலும்

அங்கிருந்து காலேஜ் ஸ்ட்ரீட். பழைய புத்தகக் கடைகள் நடுவில் ஆல்பர்ட் ஹால் மாடியில் இருக்கிற காபி ஹவுஸ். காபி போர்டு அங்கே கடை போட்டது 1942ல். கும்பகோணத்து மனுஷனுக்கு இது எப்பேர்ப்பட்ட செய்தியா இருந்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க. காபியைப் பத்தி நான் எதுவும் சொல்லப் போறதில்லை. தலைப்பாகை கட்டின பணியாளர், உயரமான கூரை, தாகூர் படம், சத்தம், இதுக்காக ஒரு தடவை போகலாம்.

அங்கேதான் லேப்டாப்பைத் திறந்தேன். மனைவி முறைச்சார். "ஒரே ஒரு வரிதான். இதை மட்டும் பாத்துச் சொல்லு"ன்னேன்.

1943 ஜூலையிலிருந்து ஒரு புது வரி வருது: "வாசல் 1 அணா." "வாசல் 2 அணா." வேற விளக்கம் ஒண்ணும் இல்லை. ஜூலைக்கு முன்னாடி ஒரு தடவைகூட இல்லை. தாத்தா ஊரை விட்ட நாள் வரைக்கும் மொத்தம் 41 தடவை. ஆபீஸ் வாசலில் நிக்கிற தர்வானுக்குக் குடுத்த காசுன்னு நினைச்சு, நான் அதை "டிப்ஸ்" வகையில் போட்டு வச்சிருந்தேன்.

மனைவி வங்கியில் வேலை பார்க்கிறவர். கணக்குன்னா என்னை விடக் கண் கூர்மை. கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "ஞாயித்துக்கிழமை ஆபீஸ் உண்டா?"ன்னார்.

கிடையாது. காபிச் செலவைப் பார்த்தாலே தெரியும், ஞாயிறு காபி வரி வராது. தேதிக்குப் பக்கத்தில் கிழமையைப் போட்டு வடிகட்டினேன். ரெண்டு நிமிஷ வேலை. இத்தனை வருஷத்தில் செய்யத் தோணலை. 41 வரியில் 9 ஞாயிற்றுக்கிழமை.

"அப்ப தர்வான் இல்லைங்க. வீட்டு வாசல்."

1943 ஜூலையில்தான் கிராமங்களிலிருந்து ஜனங்க கூட்டம் கூட்டமா கல்கத்தாவுக்கு நடந்து வர ஆரம்பிச்சாங்க. 24 பர்கானா, மேதினிபூர் பக்கத்துக்காரங்க நிறைய. அக்டோபருக்குள்ள ஊரில் இப்படி வந்து கிடந்தவங்க ஒரு லட்சத்துக்குக் குறையாது. அவங்க சோறு கேக்கலை. கேட்டாலும் கிடைக்காதுன்னு தெரியும். வீடு வீடாப் போய் அவங்க கேட்டது "ஃபேன் தாவ்." ஃபேன்னா வடிகஞ்சி. சாதம் வடிச்ச தண்ணியைக் குடும்மா. அந்த வருஷம் கல்கத்தாவில் இருந்த எல்லாரும் சாகும் வரைக்கும் மறக்காத ரெண்டு வார்த்தை அது. ஜைனுல் ஆபெதின் மட்டக் காகிதத்தில் கறுப்பு மையால் வரைஞ்ச படங்களில் வர்ற எலும்பும் தோலுமான மனுஷங்க அவங்கதான். சித்தபிரசாத் மேதினிபூருக்கே நடந்து போய் வரைஞ்சு வெளியிட்ட சிறு புத்தகத்தை அரசாங்கம் பறிமுதல் பண்ணி அழிச்சது.

காபி ஹவுஸ் சத்தத்துக்கு நடுவில் ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசாம இருந்தோம். குக்கர் கதை அவருக்கும் தெரியும். கல்யாணமான புதுசில் அத்தை சொல்லிச் சிரிச்சிருக்காங்க. "வாசல்ல யாராவது வந்து கேட்டா என்ன குடுப்பே?"

மூன்றாம் நாள்: லேக் மார்க்கெட்

நோட்டு முன்னட்டையின் உள்பக்கம் ஒரு முகவரி உண்டு. ராஷ்பிஹாரி அவென்யூவை ஒட்டி, லேக் மார்க்கெட் பக்கம் ஒரு சந்து. கொல்கத்தாவின் நம்ம ஊர்ப் பேட்டை அது. இன்னிக்கும் அங்கே மல்லிப்பூ, வாழை இலை, வாழைக்காய், முருங்கைக்காய் எல்லாம் கிடைக்குது. நம்ம ஊர்ச் சாப்பாட்டுக் கடைகள் வரிசையா இருக்கு. காலையில் இட்லி, சாம்பார். ரெண்டு நாள் கடுகெண்ணெய்க்கு அப்புறம் அந்த சாம்பார் அமிர்தம். பக்கத்து மேஜையில் வங்காளிக் குடும்பம் ஒண்ணு கத்தியும் முள்ளும் வச்சு தோசை சாப்பிட்டுக்கிட்டிருந்தது.

பாட்டி போனபிறகு தாத்தா நம்ம ஊர்க்காரங்க நாலு பேரோட சேர்ந்து அந்தச் சந்தில் ஒரு வீடு எடுத்து, சமையலுக்கு ஒரு ஆள் வச்சுக்கிட்டு இருந்திருக்கார். நோட்டில் "சமையல் பங்கு"ன்னு மாசா மாசம் வரும். எண் போட்டிருந்த இடத்தில் இப்போ நாலு மாடிக் குடியிருப்பு. ஆனா எதிர்ப் பக்கம் பழைய வீடு ஒண்ணு மிஞ்சியிருக்கு. பச்சை மரச் ஜன்னல், தெருவை ஒட்டி சிமெண்ட் மேடை. ரோயாக்னு சொல்றாங்க. நம்ம திண்ணைதான். ஒரு பெரியவர் குரங்குக் குல்லாவோட அதில் உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டிருந்தார்.

தெருவுக்கும் வீட்டுக்கும் நடுவில் இடைவெளியே இல்லை. வாசலில் நிக்கிறவங்க குரல் சமையலறை வரைக்கும் கேக்கும். நாலு பேருக்கு வடிக்கிற கஞ்சி எத்தனை பேருக்கு வரும்? அது தீர்ந்தபிறகும் ஆட்கள் நின்னா, அணாதான் குடுத்திருக்கணும். மனைவி அந்த மேடையைக் காட்டி, "இங்க வந்துதான் உக்காந்திருப்பாங்க. காலைல கதவைத் திறந்தா என்னென்ன பாத்தாரோ"ன்னார்.

தாத்தாவைத் தியாகி ஆக்கணும்னு எனக்கு ஆசை வந்தது, ஒத்துக்கறேன். கோழைன்னு சிரிச்சதுக்குப் பரிகாரமா. அதனால ராத்திரி ஓட்டலில் உக்காந்து கூட்டிப் பார்த்தேன். ஜூலை 1லிருந்து அக்டோபர் 19 வரைக்கும் "வாசல்" மொத்தம் 4 ரூபாய் 3 அணா. அதே நாட்களில் "காபி" 92 தடவை, ரெண்டு ரெண்டு அணா, மொத்தம் 11 ரூபாய் 8 அணா.

இந்த ரெண்டு எண்ணையும் போடாம இந்தக் கட்டுரையை எழுதியிருக்கலாம். அப்படி எழுதினா நல்லாவும் இருக்கும். ஆனா கணக்கை எழுதி வச்சவர் அவர். ஒரு அணாவைக்கூட மறைக்கலை. வாசலுக்கும் காபிக்கும் ஒரே பென்சில், ஒரே பக்கம். நாமும் அப்படித்தானே? சிக்னலில் பத்து ரூபாய் குடுத்துட்டு, அடுத்த தெருவில் முந்நூறு ரூபாய்க்குக் காபி குடிக்கிறோம். வித்தியாசம் ஒண்ணுதான். அவரால அதோட தொடர்ந்து இருக்க முடியலை.

ஆகஸ்ட் 22ஐ மட்டும் தனியாச் சொல்லணும். அதுவும் ஞாயிறு. தணிக்கை இருந்த காலத்தில், "தி ஸ்டேட்ஸ்மன்" பத்திரிகை ஆசிரியர் இயான் ஸ்டீஃபன்ஸ் துணிஞ்சு கல்கத்தா நடைபாதையில் கிடக்கிறவங்க புகைப்படங்களை வெளியிட்ட நாள். டெல்லிக்கும் லண்டனுக்கும் பஞ்சம் கண்ணில் பட்டது அதுக்கப்புறம்தான். தாத்தா பேப்பர் வாங்குற வழக்கமில்லாதவர். அன்னிக்கு "ஸ்டேட்ஸ்மன்"னு ஒரு வரி. கீழே "வாசல் 2 அணா." அன்னிக்குத் தேதியில் வேற செலவே கிடையாது.

அக்டோபர் 19ல் கடைசி வரி: "ஹவுரா, கூலி 4 அணா." பாட்டி போனது 1874லிருந்து இருந்த மிதவைப் பாலத்தில். தாத்தா போனது புதுப் பாலத்தில். 26,500 டன் இரும்பு, நட்டு போல்ட்டே இல்லாம முழுக்க ஆணி அறைஞ்சு கட்டினது. குண்டு பயத்தில் விழா எதுவும் நடத்தாம 1943 பிப்ரவரி 3ல் சத்தமில்லாமத் திறந்தாங்க. தாத்தா கிளம்பின ஒரு வாரத்தில் புது வைஸ்ராய் வேவல் கல்கத்தா வந்து பார்த்துட்டு ராணுவத்தை நிவாரணத்துக்கு இறக்கினார். அதே மாசக் கடைசியில் தெருவில் கிடந்தவங்களை ஊரை விட்டு அப்புறப்படுத்த அவசரச் சட்டமும் வந்தது. ஊர் முழுக்க ரேஷன் வந்தது 1944 ஜனவரி 31ல்.

திரும்பும் வழி

போகும்போது விமானம். வரும்போது வேணும்னே ரயில். ஹவுரா போறதுக்கு முன்னாடி நோலன் குட் சந்தேஷ் ரெண்டு டப்பா வாங்கினோம். குளிர்காலத்தில் மட்டும் ஈச்ச மரத்தில் இறக்குற பதநீரைக் காய்ச்சி எடுக்கிற வெல்லத்தில் செய்யற இனிப்பு. கிட்டத்தட்ட நம்ம கருப்பட்டி வாசம். டாக்ஸி பாலத்தில் ஊர்ந்துக்கிட்டிருந்தப்போ மனைவி கேட்டார்: "மூணு நாளா சுத்தினோமே, இதுக்குன்னு எங்கயாவது ஒரு கல்லு, ஒரு பலகை பாத்தோமா?" நாங்க நடந்த வழியில் ஒண்ணுகூடக் கண்ணில் படலை. விக்டோரியா ராணிக்கு அவ்வளவு பளிங்கு இருக்கு.

ரயில் கரக்பூரைத் தாண்டும்போது வெளியே அறுவடை முடிஞ்ச வயல். பழைய மேதினிபூர் மாவட்டம். வாசலில் வந்து நின்னவங்களில் பலர் இந்தப் பக்கத்துக்காரங்களா இருந்திருக்கலாம். தாத்தா ஊருக்குத் திரும்பினதும் இதே தண்டவாளத்தில், அவங்க ஊர்கள் வழியாத்தான்.

சென்னை வந்ததும் அத்தைக்கு போன் பண்ணி எல்லாத்தையும் சொன்னேன். எண்பது தாண்டினவங்க. ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், "டேய், குக்கர் வாங்கினன்னிக்கு நாங்க சிரிச்சப்போ அவரும் கூடவே சிரிச்சாருடா. அப்பவாவது சொல்லியிருக்கலாம் இல்ல?"ன்னாங்க. குண்டுன்னு சொன்னா யாரும் மேல கேள்வி கேக்க மாட்டாங்க. அதனால அவர் அந்தக் கதையையே இருக்கட்டும்னு விட்டிருப்பார்னு எனக்குத் தோணுது.

உங்க வீட்டுப் பரணிலும் ஒரு கணக்கு நோட்டு இருக்கும். மளிகை, பால், மணியார்டர்னுதான் இருக்கும். பழைய பேப்பர்காரர்கிட்ட போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை புரட்டுங்க. புதுசா ஒரு வரி எந்த மாசம் தொடங்குது, எந்த மாசம் நிக்குதுன்னு பாருங்க. கிழமையையும் சேர்த்துப் பாருங்க.